டித்வா மகாராஜாவுக்கு ஒரு வாழ்த்து மடல்

சூறாவளிக் குலதிலகமே, மழைக்கோமானே, டித்வா மகாராஜரே!

2025 நவம்பர் இறுதியில் இச்சிறு தீவில் தாங்கள் எழுந்தருளிய பெருமையை மாத்தளை மாவட்டம் ஏழேழு பிறவிக்கும் மறவாது. பல்லேகமவுக்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடர் யுகயுகமாய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தது. மலைகளுக்கு நடை பயிற்றுவித்த பேராசான் தாங்கள் அல்லவா! கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் பொழிந்தீர்கள். கஞ்சத்தனம் என்பதையே அறியாத கை அது. வயல்களில் கல்லையும் சேற்றையும் பரப்பி, உழவனுக்கு இனி உழுகிற சிரமமே வேண்டாமென்று அருளினீர்கள். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைத் தங்கள் பரிவாரத்தில் சேர்த்துக்கொண்டீர்கள்.

பாரி வள்ளல் முல்லைக்குத் தேரைத்தான் ஈந்தார். தாங்களோ, ஏழு பேர்ச் காணி கேட்டுத் தலைமுறை தலைமுறையாய்க் காத்திருந்த தோட்டத்துச் சனங்களுக்கு ஒரே இரவில் மலையையே அள்ளிக் கொடுத்தீர்கள், அதுவும் கூரைமேல் கொண்டுவந்து! உறுதிப்பத்திரம் கேட்டு அலையவேண்டிய அவசியமும் இல்லாமற்போனது.

சொல்லாமல் வந்து நிற்கும் அநாகரிகமும் தங்களிடம் இல்லை. மலைச்சரிவு வருமுன் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கும். நேராய் நின்ற மரம் சாயும். லயன் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடும். எத்தனை பண்பான ஆள்விடுதல்!

தங்களுக்கு வாய்த்த அமைச்சர் பெருமக்களின் திறமையை எந்த நாவால் புகழ்வேன்! சரிவுகளில் காட்டை மழித்து, பாதைக்காக மலையின் காலை வெட்டி, மழைநீர் ஓடும் வடிகாலைத் தூர்த்து, தங்கள் பவனிக்கு வீதி சமைத்த புண்ணியவான்கள் அவர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியுமென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்தது. ஆயினும் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி வரும்வரை, அந்த லயன் குடும்பங்களைக் குடிபெயர்த்துத் தொந்தரவு செய்யாத பொறுமைக் கடல்கள்! மழையை அளக்கிறார்கள், அபாய வலயத்துக்கு வரைபடம் கீறுகிறார்கள், சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறார்கள். எழுந்து போவதற்கு ஓர் இடத்தை மட்டும் காட்டி, மக்களைக் குழப்பிவிடுவதில்லை.

ஆகவே மகாராஜரே, தங்கள் வம்சத்தார் அடுத்த வாடைக் காலத்தில் எழுந்தருளும்போது வழி தேடி அலையவேண்டியதில்லை. அதே சரிவு, அதே லயன், அதே பிள்ளைகள். எதையும் இடம் மாற்றாமல் பார்த்துக்கொள்ள எங்கள் அமைச்சர்கள் இருக்கிறார்கள்.