ஊருக்கே புகை வழங்கும் வள்ளல்

லண்டனின் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் இன்றும் கோலோச்சும் பழைய விறகுக் கணப்பே! உன் கொடைத்திறத்தைப் பாட இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியைத் தமிழுலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றுகிறது. அவன் கொடுத்தது ஒரு கொடிக்கு. நீ கொடுப்பது ஒரு தெருவுக்கு. மற்ற வள்ளல்கள் வாசலில் வந்து நின்றவர்க்கு வழங்கினார்கள். நீயோ கேளாதவர்க்கும், வேண்டாம் என்று சன்னலை இறுகச் சாத்தியவர்க்கும் வழங்குகிறாய். இப்படியொரு ஈகையை எழுதாமல் விடுவது நன்றி மறந்த செயல்.

உன்னை வைத்திருப்பவர் என்பதற்காக ஒருவருக்கு நீ சலுகை காட்டுவதில்லை. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் கால் பங்கு அறைக்குள் தங்கினாலே அதிகம். மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குத் தானம். போகிற போக்கில், அறையில் ஏற்கெனவே சூடாகியிருந்த காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறாய். விறகுக்குக் காசு கொடுத்தவருக்கு வெப்பத்தில் கால் பங்கு. காசே கொடுக்காத அடுத்த வீட்டாருக்குப் புகையில் முழுப் பங்கு. இவ்வளவு தாராளமாகக் கணக்குப் பார்க்கும் பொருள் அந்த வீட்டில் வேறொன்று இல்லை.

காலமறிந்து கொடுப்பதிலும் நீ தேர்ந்தவன். காற்று வீசும் நாளில் புகை கலைந்துவிடும். அன்று உன் கொடை யாருக்கும் முழுதாகப் போய்ச் சேராது. காற்றே அசையாத, உறைபனி விழும் சனவரி இரவுதான் உனக்கு உகந்தது. அன்று தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று படிந்து நிற்கும். மேலெழ வேண்டிய புகை எழ முடியாமல் கூரைகளுக்கும் தெருவுக்கும் நடுவே தேங்கும். ஊரார் எல்லோரும் கணப்பு மூட்டுவதும் அதே இரவில்தான். சன்னல் சட்டத்தில் இருக்கும் காற்றுத்துளை வழியாக நுழைந்து, மாடியில் உறங்கும் ஆஸ்துமாக்காரப் பிள்ளையின் கட்டில்வரை போய் நலம் விசாரிக்கிறாய். அந்தப் பிள்ளை இருமி எழுந்து, தலைமாட்டில் இருக்கும் நீலநிற இன்ஹேலரைக் கைநீட்டித் துழாவும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அந்நேரத்திலும் அயலாரை மறக்காத பண்பு யாருக்கு வரும்?

உன் கைவேலையின் நுட்பமும் சிறிதன்று. நீ வழங்கும் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் குறைவானவை. தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட வராதவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. அவை நுரையீரலின் அடிவரை இறங்குகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. இதயத்துக்கும் மூளைக்கும்கூட உன் பரிசு போய்ச் சேர்கிறது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள நுண்துகளையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் வீற்றிருக்கும் அவை அது. அங்கே இடம் பிடிப்பது எளிதா?

குலப்பெருமைக்கும் குறைவில்லை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முதலாம் எட்வர்டு மன்னர் லண்டனில் கடல்வழி வந்த நிலக்கரியை எரிக்கத் தடை போட்டார். உன் குலம் அசையவில்லை. 1661-இல் ஜான் ஈவ்லின் லண்டன் புகையைப் பற்றித் தனி நூலே எழுதி இரண்டாம் சார்லசு மன்னரிடம் முறையிட்டார், அப்போதும் அசையவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை உன் மூத்த உடன்பிறப்பான நிலக்கரி லண்டனை ஆண்டது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை புகுந்து, மேடை தெரியாமல் இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த கொழுத்த மாடுகள் சில மூச்சுத் திணறிச் செத்தன. மனிதர்களின் கணக்கு முதலில் ஏறத்தாழ 4,000 என்றார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. அந்த ஐந்து நாளில் எரிந்தது நிலக்கரி என்பது உண்மைதான். ஆனால் அதை மேலே அனுப்பிய அதே வீட்டுப் புகைபோக்கிகள்தாம் இன்று உனக்கும் வழிவிடுகின்றன.

அந்த மரணங்களுக்குப் பிறகும் அரசு தயங்கியது. ஹியூ பீவர் தலைமையில் குழு அமைந்தது. ஜெரால்டு நபாரோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்து நெருக்கினார். அதன் பிறகே 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஓர் இடத்தை அறிவிக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களுக்குக் கிடைத்தது. இன்று லண்டனின் பெரும்பகுதி அப்படிப்பட்ட பகுதி. அங்கே திறந்த கணப்பில் விறகை எரிக்கவே கூடாது. அந்தத் தடையிலிருந்து விலக்குப் பெற்ற அடுப்பில் மட்டுமே எரிக்கலாம். புகைபோக்கியில் புகை கிளம்பினால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் என்று இங்கிலாந்தில் விதியும் இருக்கிறது. விதிக்கப்படுவதுதான் மிக அரிது. சட்டத்தின் கண்ணெதிரே இவ்வளவு காலம் நிமிர்ந்து நின்று புகைவிடும் உன் துணிச்சலை என்னவென்று சொல்வது!

உனக்குப் போட்டியாக வந்திருக்கும் சுத்த எரிப்பு அடுப்புகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. அவற்றிடம் கொடைக்குணமே இல்லை. எரியாத வாயுவைக்கூட வெளியே விட மனமில்லாத கஞ்சத்தனம். விறகு சூடானதும் அதன் எடையில் பெரும்பகுதி வாயுவாகப் பிரிகிறது. நீ அதை அப்படியே புகையாக அள்ளிக் கொடுப்பாய். அவையோ காற்றை முன்கூட்டியே சூடாக்கி, கண்ணாடியை ஒட்டி மேலிருந்து கீழே இறக்குகின்றன. பின்சுவரில் வரிசையாக உள்ள சிறு துளைகள் வழியாக இன்னொரு முறை காற்றை ஊதுகின்றன. அந்தத் துளைகளின் வாயிலிருந்தே சுடர் பிறப்பதுபோலத் தோன்றும்; எரிவது விறகன்று, விறகிலிருந்து தப்ப முயன்ற புகை. மேலே சாய்வாகப் பொருத்திய வெர்மிகுலைட் பலகை தீயை உடனே மேலே ஓடவிடாமல் தடுத்து, அடுப்பின் உட்புறத்தைக் கொதிக்க வைக்கிறது. இத்தனைக்கும் பிறகு அவற்றின் கண்ணாடி வெளுத்துக் கிடக்கிறது. உன் உறவான பழைய இரும்பு அடுப்பின் கண்ணாடியோ கன்னங்கரேல் என்று தார் பூசி மின்னுகிறது. உழைப்பின் அடையாளம் அதில் அல்லவா தெரிகிறது!

இரவு முழுக்க ஒரே கட்டையை வைத்துக்கொண்டு உறங்கும் கலையும் அந்தப் புதிய அடுப்புகளுக்குத் தெரியாது. காற்றுத் திருகை முழுக்க மூடிவிட்டுப் படுக்கப் போனால், காலையில் உன் இனத்து அடுப்புக்குள் கங்கு கனன்றபடி இருக்கும். தீ இல்லை, சுடர் இல்லை, புகை மட்டும் விடிய விடிய. புகைபோக்கியின் உட்சுவரில் படியும் கிரியோசோட் தார் ஒருநாள் தானே தீப்பிடித்து ஊரைக் கூட்டும் வாய்ப்பும் அதில் உண்டு. விலக்குப் பெற்ற அடுப்புகள் பலவற்றில் திருகை முழுக்க மூட முடியாதபடி ஒரு தடுப்பு பொருத்திவிடுகிறார்கள். உறங்கக்கூட விடாத கொடுமை.

சாப்பாட்டு விஷயத்திலும் நீ பெருந்தன்மை உடையவன். ஈரக்கட்டை, சாயம் பூசிய கதவுப் பலகை, மருந்தேற்றிய வேலிக்கால் என எது கிடைத்தாலும் முகம் சுளிக்காமல் ஏற்பாய். பழைய சாயத்தின் ஈயத்தையும் வேலிக்கால் மருந்தின் ஆர்செனிக்கையும் தெருவோடு பகிர்ந்துகொள்வாய். புதிய அடுப்போ 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் முரண்டு பிடிக்கும். அப்போதுதான் வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். அதை ஆவியாக்கவே தீயின் சக்தி போய்விடும். தீ குளிர்ந்தால் புகைதான் மிஞ்சும். இந்த அற்பக் காரணத்துக்காகத்தான் 2021 மே முதல் இங்கிலாந்தில் இரண்டு கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகு 20 விழுக்காட்டு ஈரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று விதி வந்தது. உன்னைக் கேட்டிருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது.

வாசகர்களே, இந்தப் புகழுரையில் பொய்யான தகவல் ஒன்றும் இல்லை. இந்தக் கொடையை ஏற்பவர்கள் அதை ஒருபோதும் கேட்டதில்லை என்பதுதான் என் வருத்தமும் கோபமும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் புகைபோக்கி உள்ள பழைய வீடு வாங்கும் நம் தமிழர்கள் பலர் கணப்பின் அழகில் மயங்குகிறார்கள். அவர்களிடம் சில செய்திகளை நேராகவே சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் வீடு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறதா என்று உள்ளாட்சி மன்றத்திடம் கேளுங்கள். இருந்தால், வாங்கும் அடுப்பின் மாதிரிப் பெயர் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 சனவரி முதல் புதிய அடுப்புகளுக்கு ஈக்கோடிசைன் விதி கட்டாயம்: கதவு மூடிய விறகடுப்புக்கு 65 விழுக்காட்டுத் திறன், கனமீட்டர் புகைவாயுவில் 40 மில்லிகிராமுக்கு மேற்படாத துகள். ஆனால் ஈக்கோடிசைன் வேறு, விலக்கு வேறு. கடைக்காரர் முதல் சொல்லைக் காட்டி இரண்டாவதை மறைத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்து, அளவு. அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாகக் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்றால் 48 கனமீட்டர். மூன்றரை கிலோவாட் போதும். அங்கே எட்டு கிலோவாட் அடுப்பை வைத்தால் அறை வெந்துபோகும். நீங்கள் திருகைக் குறைப்பீர்கள். காற்று போதாமல் நல்ல அடுப்பும் கெட்ட அடுப்பாகிவிடும். பெரிய அடுப்பு வாங்குவது பெருமை அன்று, பிழை.

விறகை மூட்டையின் வெளிப்புறம் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கட்டையை நடுவில் பிளந்து, புதிதாகத் திறந்த பரப்பில் ஈரமானியின் இரு ஊசிகளையும் குத்திப் பாருங்கள். வெளிப்பட்டை 12 காட்டும் கட்டை உள்ளே 28 காட்டுவது உண்டு. அடுப்புக்குத் தெரிவது உள்ளே இருப்பதுதான். அடுப்புப் பொருத்துநர்களைப் பதிவு செய்யும் ஹீட்டாஸ் அமைப்பில் பதிவுபெற்றவரைக் கொண்டு அடுப்பைப் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு நாளும் தீ மூட்டாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைத் துப்புரவு செய்யுங்கள்.

இவ்வளவையும் செய்தபின் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டி 2022-இல் வெளியிட்ட ஆண்டறிக்கையின்படி, உலர்ந்த விறகை எரிக்கும் ஈக்கோடிசைன் அடுப்புகூட எரிவாயுச் சூடாக்கியைவிட 450 மடங்கு நுண்துகளை வெளிவிடுகிறது. ஷெஃபீல்டில் விலக்குப் பெற்ற அடுப்புகள் இருந்த வீடுகளிலேயே அளந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அடுப்பு எரியும் நேரத்தில் வீட்டுக்குள் நுண்துகள் சராசரியாக மூன்று மடங்காகிறது என்றது. விறகு போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புகையின் ஒரு பங்கு உங்கள் வரவேற்பறைக்கே வருகிறது. சுத்தம் என்ற சொல்லுக்கு இங்கே பழையதைவிடக் குறைந்த அழுக்கு என்பதுதான் பொருள்.

ஆகவே, எரிவாயுவோ வெப்பப் பம்போ மின் சூடாக்கியோ உள்ள வீட்டில் அழகுக்காக விறகு எரிக்காதீர்கள். வேறு வெப்பமே இல்லாதவர்கள் சிறிய, விலக்குப் பெற்ற அடுப்பை வாங்கி, உலர்ந்த விறகைச் சுடர்விட்டு எரியுங்கள். மூட்டி அரை மணி கழித்து வெளியே வந்து உங்கள் புகைபோக்கியை அண்ணாந்து பாருங்கள். புகை தெரிந்தால் அன்றைக்குத் தீயை அணைத்துவிடுங்கள். வெப்பம் உங்களுக்கு வேண்டுமென்றால் அதன் விலையை அடுத்த வீட்டுப் பிள்ளையின் நுரையீரலிடம் வசூலிக்க உங்களுக்கு உரிமை இல்லை.