ஒரே கல்லில் இரண்டு தலைமுறை

வாழ்த்துகள், தலைவரே! ஜூலை 1 அன்று தலைவர் காலர் கழுத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஜூன் 30 வரை மணியும் சுத்தியலும் உங்கள் கையில். பெங்களூரில் ரோட்டரி 1934இல் வந்தது. லயன்ஸ் முதலான சேவைச் சங்கங்கள் பிறகு வந்து சேர்ந்தன. உங்களுடையது ரோட்டரி, அதில் எந்தச் சங்கம் என்பது முக்கியமில்லை. பீன்யாவில் தொழிற்கூடம் நடத்தும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் நீங்கள். உங்களுக்கு மேலே, எண்பதைத் தொட்ட முன்னாள் தலைவர் ஒருவர் மல்லேஸ்வரத்தில் இருக்கிறார். கீழே, பெல்லந்தூரில் மென்பொருள் எழுதும் இருபத்தெட்டு வயதுப் பெண் சென்ற ஆண்டு சேர்ந்திருக்கிறார். இருவரையும் ஒரே ஆண்டில் மனம் நோக வைப்பது பெரிய வேலை என்று மலைக்க வேண்டாம். பாதி வேலையை உங்களுக்கு முன்னிருந்தவர்கள் முடித்துவைத்திருக்கிறார்கள்.

அடிப்படை விதி ஒன்றுதான்: அறிவியுங்கள். யாரிடமும் எதையும் கேட்காதீர்கள்.

1. கூட்ட நேரத்தில் கை வைக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி, எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டல் ஹால். அப்படியே இருக்கட்டும். 1905இல் சிகாகோவில் தொடங்கிய சங்கம், உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால்தான் ரோட்டரி என்று பெயர் பெற்றது. இந்த வரலாற்றை ஆண்டுக்கு நான்கு தடவையாவது சொல்லுங்கள், அதே ஹாலில், அதே மேடையில் நின்று. மாதம் இரண்டு கூட்டம் போதும், இணையத்திலும் கூடலாம் என்று ரோட்டரியின் சட்டப் பேரவை 2016இல் விதியைத் தளர்த்தியதை யாராவது நினைவுபடுத்தினால், "அதெல்லாம் வெளிநாட்டு கிளப்புக்கு" என்று முடித்துவிடுங்கள்.

பெல்லந்தூர்ப் பெண் எட்டே காலுக்குத்தான் வந்து சேருவார். பெங்களூரு மையப் பகுதியில் பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று டாம்டாம் நிறுவனம் 2022க்குக் கணக்குச் சொன்னது. அது ஆண்டு முழுவதற்குமான சராசரி. செவ்வாய் மாலையும் மழையும் வெளிவட்டச் சாலையும் சேர்ந்தால் வேறு கணக்கு. அவர் கதவைத் திறக்கும் நொடியில், கூட்ட ஒழுங்கைப் பார்க்கும் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸை எழுப்பி, தாமதத்துக்கு நூறு ரூபாய் அபராதம் என்று அறிவிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், முதல் மூன்று தடவை.

அதே நேரம் மல்லேஸ்வரத்துப் பெரியவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். இரவில் கார் ஓட்ட வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டால் போதும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பொருளாளர் அவரைக் காரில் அழைத்துவரலாமே என்ற யோசனை யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. எல்லாவற்றுக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு வையுங்கள்.

இது உங்கள் பதவிக்காலத்தின் உயிர்நாடி. ஆகவே கொஞ்சம் விரிவாகப் பயிற்சி.

அ) செய்தியைப் படமாகவே அனுப்புங்கள். மாவட்ட ஆளுநர், துணை ஆளுநர், நீங்கள், செயலாளர் என நான்கு முகம். நடுவில் இந்த ஆண்டின் முழக்கம். தேதியும் இடமும் வலது கீழ் மூலையில், எறும்பு அளவில். கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவரால் படிக்க முடியாது. தேடிப் பார்க்கும் இளையவருக்கும் அகப்படாது. படத்துக்குள் இருக்கும் எழுத்து குழுவின் தேடலில் வராது. மாங்காய்க்குப் பதில் தலைமுறை விழுகிறது, கல் அதேதான்.

ஆ) இடம் மாறினால், யாருடைய பிறந்தநாளோ அன்று அறிவியுங்கள். "ஹேப்பி பர்த்டே ரொட்டேரியன்" என்று நாற்பது பேர் கேக் படம் போடுவார்கள். அறிவிப்பு அந்தக் கேக்குகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். வராதவரிடம் "குரூப்ல போட்டோமே" என்று சொல்லலாம். இந்தச் சொற்றொடரை மனப்பாடம் செய்யுங்கள். ஆண்டு முழுக்கத் தேவைப்படும்.

இ) பெல்லந்தூர்ப் பெண் ஒருநாள், "சார், இந்த முகாமுக்கு எவ்வளவு பட்ஜெட்?" என்று குழுவில் கேட்டுவிடுவார். பதறாதீர்கள். மூன்று மணி நேரம் யாரும் பேசக்கூடாது. பிறகு ஒருவர் கைகூப்பும் பொம்மை போடட்டும். இன்னொருவர் நாளைய தேதிக்கான "சுப்ரபாத" ரோஜாவை முன்கூட்டியே அனுப்பட்டும். இரவு பத்துக்கு ஒரு மூத்தவர் அவரைத் தனியாகப் போனில் பிடித்து, "அம்மா, இதையெல்லாம் குரூப்ல கேக்கக் கூடாதும்மா" என்று தொடங்கி, 1994இல் தாம் நடத்திய முகாம் பற்றி அரை மணி நேரம் சொல்லட்டும். பட்ஜெட் தொகை மட்டும் அதில் வரக்கூடாது.

ஈ) பெரியவர் குழுவில் நான்கு பத்தியில், "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு" என்று தொடங்கி, அறக்கட்டளைக் கணக்கைப் பற்றிக் கவலையோடு எழுதியிருப்பார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுங்கள். அவ்வளவுதான். அவருடைய நான்கு பத்திக்கு உங்கள் ஒரு விரல் போதும்.

3. நாற்பதுக்குக் கீழ் இருப்பவரை "டெக்னிக்கல் ஆள்" என்று அழையுங்கள்.

புரொஜெக்டர், மைக், போஸ்டர், இன்ஸ்டாகிராம். நால்வகை வேதம் இவைதான். கணக்கு, திட்டம், யாருக்கு உதவி போக வேண்டும் என்பதெல்லாம் அனுபவஸ்தர் விஷயம். ரோட்டரியைத் தொடங்கியபோது பால் ஹாரிஸுக்கு வயது 36. 1917இல் லயன்ஸுக்கு வித்திட்டபோது மெல்வின் ஜோன்ஸுக்கு 38. இருவரும் இன்று உங்கள் கிளப்பில் சேர்ந்தால் பதவியேற்பு விழாவன்று "செக், ஒன் டூ த்ரீ" சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள் என்று மகிழுங்கள்.

(இந்தப் பிரச்சினையை ரவுண்ட் டேபிள் என்ற இன்னொரு சங்கத்தார் விதி போட்டே தீர்த்துவிட்டார்கள். 1957இல் மெட்ராஸில் இந்தியாவின் முதல் டேபிள் கூடியது. நாற்பது முடிந்தால் வெளியே, அதற்கு மேல் 41 கிளப். இரக்கமில்லாத ஏற்பாடுதான். ஆனால் அங்கே முப்பது வயதுக்காரர் தலைவராக முடிகிறது. எனக்கென்னவோ அதில் நியாயம் இருப்பதாகப் படுகிறது. உங்களுக்குப் பட வேண்டாம்.)

4. ரொட்டராக்ட் பிள்ளைகளை "நம்ம குழந்தைகள்" என்றே சொல்லுங்கள்.

ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரொட்டராக்ட் 1968இல் தொடங்கியது. 2019இல் அதற்கு ரோட்டரியில் உறுப்பினர் தகுதி கிடைத்தது. முப்பது வயது வரம்பும் 2020இல் போனது. ஆகவே உங்கள் குழந்தைகளில் சிலருக்குக் குழந்தைகள் இருக்கலாம். பொருட்படுத்தாதீர்கள். மாரத்தானில் தண்ணீர் பாட்டில் கொடுக்கவும், மேடைக்கு முன் காலி நாற்காலிகளை நிரப்பவும் கூப்பிடுங்கள். பள்ளி மாணவர்களுக்கான இன்டராக்ட், அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வேர்விட்டது தஞ்சாவூரில்தான் என்று பெருமையாகச் சொல்லுங்கள். உங்கள் இன்டராக்ட் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தபின் எங்கே போனார்கள் என்று மட்டும் யாரும் விசாரிக்க வேண்டாம்.

5. புதிதாக வரும் பெண்ணிடம், "நீங்க எந்த ரொட்டேரியனோட ஆன்?" என்று வரவேற்பு மேசையிலேயே விசாரித்துவிடுங்கள். (ரொட்டேரியனின் மனைவிக்குக் கிளப்பில் "ஆன்" என்று பெயர்.) கேட்கக்கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு. 1989 முதல் பெண்கள் உறுப்பினராகலாம். 2022-23இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் உலகத் தலைவராகவே இருந்தார். வரவேற்பு மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

6. பெரியவர்களைப் பாராட்டுங்கள்.

வாயை அடைப்பதற்கு இதைவிட மரியாதையான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மைசூர் பேட்டா, சால்வை, ஏலக்காய் மாலை, பழக்கூடை. கையில் கூடையும் தலையில் பேட்டாவும் இருக்கும் மனிதர் மைக்கைப் பிடிக்க முடியாது. படம் எடுங்கள், இறக்கிவிடுங்கள்.

இந்தப் பெரியவர் தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்து முகாம்களுக்காகச் சிவாஜிநகர் சந்துகளில் ஐஸ் பெட்டியோடு நடந்தவர். ரோட்டரி 1985இல் கையிலெடுத்த வேலை அது. இயற்கை வைரஸால் வந்த போலியோவுக்கு இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. கதவைத் திறக்க மறுத்த வீட்டில் முதலில் பேசியது மாமியாரிடமா மருமகளிடமா, யாரைக் கூட்டிக்கொண்டு போனார், எந்த மொழியில் தொடங்கினார், எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் இளையவர்கள் அடுத்த மாதம் அதே சந்துகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிப் பேசப் போகிறார்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடாதீர்கள். இளையவர்கள் முப்பத்தெட்டு ஸ்லைடு தயாரித்துக்கொள்வார்கள்.

7. சந்தா, பதிவு, விருந்துக்கூப்பன் மூன்றையும் கியூ.ஆர். கோடுக்கு மாற்றுங்கள். காசோலையோடு வரும் பெரியவரிடம், "பேரனைக் கூப்பிடுங்க சார், சொல்லித் தருவான்" என்று அன்பாகச் சொல்லுங்கள். பேரன் டொரான்டோவில் இருக்கிறான்.

8. மொழியா? ஆங்கிலம். கர்நாடகம் உருவான நவம்பர் 1 அன்று மட்டும் மஞ்சள் சிவப்புச் சால்வை போட்டுக் கன்னடம். அல்சூர்த் தமிழரும் ஜெயநகர்க் கன்னடரும் சாப்பாட்டு வரிசையில் எந்த மொழியில் சிரித்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டாம்.

9. இப்போது தேர்வு: ரத்ததான முகாம்.

நம் நாட்டு விதிப்படி 18 வயதிலிருந்து 65 வரைதான் ரத்தம் கொடுக்கலாம். உங்கள் நிர்வாகக் குழுவில் பேனர் பிடிக்கும் ஒன்பது பேரில் ஆறு பேர் அந்த வயதைத் தாண்டியவர்கள். ரத்தம் இருப்பது நீங்கள் மைக் டெஸ்டுக்கு அனுப்பிய உடம்புகளில். நியூ திப்பசந்திராவில் ரோட்டரி, டி.டி.கே. பெயர்களோடு இயங்கும் ரத்த மையம் மாதிரியான இடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு திருவிழாக் கூட்டம் பயன்படாது. தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். வாராவாரம் நாலு பேர் வந்தால்தான் உதவி. நாலு பேர் வாராவாரம் வர வேண்டுமென்றால் அவர்களோடு யாராவது பேசிப் பழகியிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் மெகா முகாம் வையுங்கள். அக்டோபரில், ஞாயிறு காலை ஏழு மணிக்கு. ரிப்பன் வெட்ட வரும் விருந்தினர் பத்தரைக்கு வருவார். அதுவரை ஊசி போடக் கூடாது. வெறும் வயிற்றோடு வந்த இளையவர்கள் ஒன்பதரைக்குத் தோசை சாப்பிடப் போய், அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேனர் படம் நன்றாக வரும்.

10. மே மாதம் ஆய்வுக் குழு அமையுங்கள்.

பெல்லந்தூர்ப் பெண் மார்ச்சிலேயே குழுவை விட்டு வெளியேறியிருப்பார். அட்மின்களின் திரையில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்திருக்கும், அதுவும் யாருடைய பிறந்தநாளோ அன்று. பெரியவர் சந்தா கட்டவில்லை, பட்டியலிலிருந்து பெயரை எடுத்திருப்பீர்கள். "உறுப்பினர் தக்கவைப்புக் குழு" என்று பெயர் சூட்டுங்கள். முன்னாள் தலைவர்கள் ஐவர் போதும். கூட்டம் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பீன்யாவிலிருந்து நீங்களே வர முடியாத நேரத்தில். இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் தயாரியுங்கள். முதல் கேள்வி, "நீங்கள் ஏன் விலகினீர்கள்?" அதை அந்தப் பெண் விட்டுப்போன அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பெரியவர் வீட்டுக்குத் தபாலில் கியூ.ஆர். கோடு அனுப்புங்கள்.

பதில் ஒன்றும் வராது. "இளைய தலைமுறைக்கு ஆர்வமில்லை, மூத்தோருக்கு உடல்நலமில்லை" என்று அறிக்கையில் எழுதி, வழவழ தாளில் வண்ணத்தில் அச்சிடுங்கள். ஜூன் மாத விருது விழாவுக்கு அதை அனுப்ப மறந்துவிடாதீர்கள். தகவல்தொடர்புக்கென்று தனிக் கேடயம் கொடுக்கிறார்கள்.