மில்லி நாற்பது ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பெங்களூர் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் என் மகள் ஒரு கண்ணாடி பாட்டிலைக் குப்பைக்கூடையில் வீசிவிட்டுப் போனாள். 'தொப்'பென்று விழுந்தது. காலி பாட்டில் தொப்பென்று விழாது. வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் கூடைக்குள் கையை விட்டேன். முருங்கைக்காய்ச் சக்கைக்கும் வெங்காயச் சருகுக்கும் நடுவே ஃபவுண்டேஷன் பாட்டில். ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால், அடியில் ஒரு விரற்கடைக்குச் சரக்கு நிற்கிறது.

உடனே போன் போட்டேன். ஆட்டோவில் இருந்தாள்.

"ஏண்டி, இதுல இன்னும் இருக்கு."

"முடிஞ்சுபோச்சும்மா. அமுக்கினா வரல."

"வரலைங்கிறது வேற, முடிஞ்சுபோச்சுங்கிறது வேற."

"பஸ் வந்துரும்மா. வை."

பாட்டில் 30 மில்லி. விலை 1,200 ரூபாய். மில்லி நாற்பது ரூபாய். அடியில் எப்படியும் நாலு மில்லி இருக்கும். அப்படியானால் 160 ரூபாய். எங்கள் தில்லைநகர் முனையில் ஒரு ஃபில்டர் காபி இருபது ரூபாய். எட்டுப் பேருக்குக் காபி வாங்கி, ஒருத்தருக்கும் கொடுக்காமல் சாக்கடையில் ஊற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். முப்பது வருஷமாக வங்கியில் உட்கார்ந்து அஞ்சு ரூபாய் கணக்கு இடித்தால்கூட ராத்திரி எட்டு மணிவரை வீட்டுக்குப் போகாதவள் பெற்ற பெண்.

இந்த அநியாயத்துக்கு என்னிடம் தீர்வு இருக்கிறது. மேக்கப் சாமானைக் கடைசிச் சொட்டுவரை எடுத்து, எடுத்ததை வீணாக்காமல் முகத்தில் தடவ ஒரு கருவி. நானே யோசித்தது. தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம்கூடப் போட்டாயிற்று. அதை விளக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த பம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

பம்ப்பைக் கழற்றினேன். இப்படி ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். உண்மையில் பாட்டிலைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, கட்டிங் பிளேயரால் கழுத்தைத் திருகி, நடுவில் ஒருமுறை பிளேயர் வழுக்கிக் கட்டைவிரலைக் கடித்து, அப்புறம்தான் வந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிக் குண்டு, ஒரு குழாய். குழாய் பாட்டிலின் அடியைத் தொடவில்லை. தொட்டால் வாய் அடைத்துக்கொள்ளுமாம், அதனால் கொஞ்சம் மேலேயே நிறுத்துவார்கள். அந்தக் 'கொஞ்சம்' யார் காசு? போதாக்குறைக்கு, தூக்கினால் கனமாகத் தெரியவேண்டும் என்று அடிக்கண்ணாடியை முறுக்குக்கட்டை கனத்துக்கு வார்த்திருக்கிறார்கள். கொடுக்கும்போது கைக்குக் கனம், முடிகிற நேரத்தில் குழாய்க்கு எட்டாது.

குழாயே இல்லாத பம்ப்பும் உண்டு. காற்றே புகாத வகை. மேலே அமுக்கினால் அடியிலிருக்கும் தட்டு சரக்கைத் தள்ளிக்கொண்டே மேலேறி வரும். பாட்டிலுக்குள் லிஃப்ட் வைத்த மாதிரி. இது இத்தனை வருஷமாக இருக்கும்போது என் மகள் வாங்கிய பாட்டிலுக்கு மட்டும் மாடிப்படி. அமெரிக்காவில் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகைக்காரர்கள் பம்ப் வைத்த லோஷன் பாட்டில்களைச் சோதித்தபோது, வாங்கிய லோஷனில் 17 முதல் 25 சதவீதம்வரை உள்ளேயே தங்கிவிட்டதாகக் கண்டார்கள். நாலில் ஒரு பங்கு! நிலத்தைக் குத்தகைக்கு விட்டால்கூட இதைவிடக் கறாராகப் பேசுவோம்.

சரி, கருவிக்கு வருகிறேன். ஆனால் பாட்டிலிலிருந்து எடுப்பது பாதி வேலைதான். எடுத்ததில் எவ்வளவு முகத்துக்குப் போகிறது என்று பாருங்கள். என் மகள் ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறாள், ரோஸ் கலரில், முட்டை வடிவில். இதன் மூலவர் அமெரிக்காவில் இருக்கிறார், பெயர் பியூட்டிபிளெண்டர். ரியா ஆன் சில்வா என்ற மேக்கப் கலைஞர், 'கேர்ள்ஃப்ரெண்ட்ஸ்' என்ற டிவி தொடரில் வேலை பார்க்கும்போது, எச்.டி. கேமரா முகத்தில் இருக்கும் கோட்டையெல்லாம் காட்டிக்கொடுக்கிறதே என்று சாதாரண ஸ்பாஞ்சைக் கத்தரியால் வெட்டி விளிம்பே இல்லாமல் செய்துகொண்டாராம். அதுதான் பிறகு முட்டையாயிற்று. தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும். வயிறு தண்ணீரால் நிறைந்திருந்தால் ஃபவுண்டேஷனைக் குடிக்காது என்று கணக்கு. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு டம்ளர் மோரைக் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

நம் வீட்டு உற்சவர், ஏதோ கடையில் வாங்கிய நகல், மோரும் குடிக்கும் விருந்தும் சாப்பிடும். மகள் போனபிறகு வாஷ்பேசினில் கிடந்ததை எடுத்துப் பிழிந்தேன். முதல் பிழிசலில் திக்காக, பழுப்பாக வழிந்தது. இன்னொரு தரம். வந்தது. இன்னொரு தரம். ஃபில்டரில் இரண்டாம் டிகாக்‌ஷன் இறங்குகிற அதே நிறத்தில், அதே நிதானத்தில், இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் டிகாக்‌ஷனை வேலைக்காரம்மாவுக்குக் கொடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். இதை யாருக்குக் கொடுப்பது?

உறிஞ்சவே உறிஞ்சாத சிலிகான் பட்டையும் ஒன்று வந்தது. 2016-ல் ஹாங்காங்கிலிருந்து சிலிஸ்பாஞ்ச் என்று கிளம்பி உலகமெல்லாம் ஓடியது. அதன் நகலையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒரு சொட்டுகூடக் குடிக்காது, சத்தியமான சரக்கு. முகத்திலும் இறங்காது. கன்னத்தில் அங்கேயும் இங்கேயும் வழுக்கிக்கொண்டு, தோசைக்கல்லில் எண்ணெய் அதிகமானால் மாவு ஒட்டாமல் ஓடுமே, அப்படி. அதைத் தேய்த்துச் சரிசெய்ய மறுபடி விரல்தான்.

விரல் என்றதும் என் பாட்டி. ஐடெக்ஸ் மை டப்பாவில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவாள். இந்தக் கண்ணுக்கு ஒன்று, அந்தக் கண்ணுக்கு ஒன்று. விரலில் மிச்சம் இருப்பது குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அதற்கும் மிச்சமானால் குழந்தையின் உள்ளங்கால். அதற்கும் மேலே இருந்தால் தன் தலைமுடியில் துடைத்துக்கொள்வாள். அங்கே நரையும் கொஞ்சம் மறையும். கழுவ வேண்டியதில்லை, பிழிய வேண்டியதில்லை, பாக்டீரியா வருமென்று மூன்று மாதத்துக்கொருமுறை விரலை மாற்ற வேண்டியதில்லை. (கோயிலுக்குப் போனால் மட்டும் இதே பாட்டி மிச்சக் குங்குமத்தைத் தூணில் துடைப்பாள். ஸ்ரீரங்கத்துத் தூண்களைச் சுரண்டினால் தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷம் நெற்றிக்கு வரும்.)

கருவியின் முனையை விரல் மாதிரிதான் வரைந்திருக்கிறேன். அதை விளக்குமுன் தலைகீழ் பாட்டில்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பாதி பாட்டில்கள் சிரசாசனத்தில் இருக்கும். குளியலறையில் ஷாம்பூ, சமையலறையில் தேன், ஃப்ரிட்ஜ் கதவில் தக்காளி சாஸ். நல்லெண்ணெய் பாக்கெட்டைத் துணிக் கிளிப் போட்டுத் தூக்குவாளிக்கு மேலே ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவேன். காலையில் ஒரு தாளிப்புக்குத் தேறும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் தலைகீழாக நின்றும் பிரயோஜனமில்லை, உறைந்துபோய் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, மறந்து, பாட்டில் இடுப்பு வளைந்து ஒருமாதிரி நாட்டியக்கோலத்தில் நின்ற கதையை விட்டுவிடுகிறேன். பம்ப் வைத்த பாட்டில்கள் தலைகீழாக நிற்காது, மண்டை உருண்டை. அவற்றுக்கு டம்ளர் வேண்டும். எவர்சில்வர் டம்ளருக்குள் கைக்குட்டையைத் திணித்து அதில் இறக்கினால் நிற்கும். காலையில் காபிக்கு டம்ளரைத் தேடிக்கொண்டு இவர் வருவார்.

இவரிடம்தான் பிரச்சினையே. என் வீட்டுக்காரருக்கு ஒரு பாட்டில் என்றால் அது நேராக நிற்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகிறவர், போகிற வழியில் ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டே போவார். விழுந்தவர்களைத் தூக்கிவிடுகிற புண்ணியம் மாதிரி ஒரு சாந்தம் அந்த முகத்தில். காலையில் பார்த்தால், எட்டு மணி நேரமாக இறங்கி, கழுத்தைத் தாண்டி, இதோ வாய்க்கு வந்துவிட்டது என்று இருந்த ஷாம்பூ மறுபடி அடியில். ரேஷன் கடையில் விடிகாலையிலிருந்து நின்று ஜன்னல்வரை வந்தவனைப் பிடித்து வரிசைக் கடைசியில் விட்டால் எப்படி இருக்கும்? நான் கத்தினேன். "சாரி, பழக்கதோஷம்" என்றார். அன்று ராத்திரியும் செய்தார்.

ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் 'தொடாதீர்கள்' என்று எழுதி எல்லாவற்றிலும் ஒட்டினேன். மறுநாள் காலையில் எல்லாம் நேராக நின்றன.

"ஏங்க, எழுதி ஒட்டியிருக்கேனே, படிக்கலையா?"

"எழுத்து தலைகீழா இருந்துது. என்னன்னு படிக்கத்தான் திருப்பினேன்."

ஸ்டிக்கரைப் பிய்த்துத் தலைமாற்றி ஒட்டினேன். இப்போது கம்பெனிப் பெயர் ஒரு திசை, என் ஏவல் வினை ஒரு திசை. இந்தச் சமயம் பார்த்து நாத்தனார் வந்தார். குளியலறைக்குப் போனவர் வெளியே வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணி, இது ஏதாவது வாஸ்துவா?" என்றார். நான் சிரித்தேன், பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போனால் அங்கே பூஜை அலமாரிப் பன்னீர் பாட்டில்கூடத் தலைகீழாக நிற்கிறது. அவர் பையனுக்குக் கத்தாரில் வேலையும் கிடைத்துவிட்டது. இனி நான் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கடைசிவாரத்து ஷாம்பூவில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாவு அரைத்த கிரைண்டரை வழித்து, தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் மாவிலேயே ஊற்றவைத்து என்னை மருமகளாக ஒப்புக்கொண்டவர் என் மாமியார். நெய்க்கிண்ணத்தில் சூடு சோற்றைப் போட்டுப் புரட்டாதவர் கையைத் தூக்குங்கள். ஃபவுண்டேஷனில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. ஊற்றிப் பார்த்தேன், ஒரு பழைய பாட்டிலில். திரிந்த பால் மாதிரி ஆயிற்று. முகத்தில் தடவிக்கொண்டு வங்கிக்குப் போனேன். பக்கத்து கவுண்ட்டர் பெண், "மேடம், அம்மை கிம்மை..." என்று இழுத்தாள்.

இரண்டு வரி என்றேன், தெரியும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கிருபா வாரணாசி, எம்.ஐ.டி. பேராசிரியர். வீட்டில் மனைவி தேன் பாட்டிலோடு மல்லுக்கட்டியதும் இந்த யோசனைக்கு ஒரு காரணமாம். (பார்த்தீர்களா, அந்த வீட்டுக்காரர் பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகவில்லை.) பாட்டிலின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பை உண்டாக்கி, அதற்குள் ஒரு வழுக்குத் திரவத்தைப் பிடித்து வைக்கிறார்கள். உள்ளே இருப்பது சுவரைத் தொடுவதே இல்லை. திரவத்தின்மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். லிக்விகிளைடு என்று பெயர். 2012-ல் கெட்சப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார்கள். உள்ளே துடைத்த மாதிரி இருந்தது. 2021-ல் கோல்கேட் ஐரோப்பாவில் இதே வழுக்கலோடு கண்ணாடிபோலத் தெரியும் பாட்டிலில் பற்பசை விட்டது. கெட்சப்புக்கு ஆயிற்று, பல்லுக்கு ஆயிற்று. மில்லி நாற்பது ரூபாய்ச் சரக்குக்குக் குழாயும் குண்டும்.

லிப்ஸ்டிக்கைப் பற்றிப் பேசவே எனக்குத் தெம்பில்லை. திருகினால் மேலே வருகிற குழாய்க்கு நாஷ்வில்லைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூஸ் மேசன் 1923-ல் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷத்துக்குமேல் திருகியும் அடிக்கிண்ணத்தில் இருப்பது மேலே வந்தபாடில்லை. ஹேர்பின்னால் தோண்டிக்கொண்டிருக்கிறோம். மிச்சம் வைக்காதது ஷாம்பூ சாஷே ஒன்றுதான். நம் கடலூர் சின்னி கிருஷ்ணன் அந்தச் சின்னப் பாக்கெட் யோசனையைப் பிடித்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூவைக் கொண்டுவந்தார். சாஷேயைப் பல்லால் கடித்துக் கிழித்து, உள்பக்கத்தைத் தலையிலேயே தேய்த்துவிடலாம். அந்த மரியாதை அந்தப் பாக்கெட்டுக்கு உண்டு.

கருவி. ஆமாம். காலண்டர் தாளைத் தேடினேன். ஆடுகிற டைனிங் டேபிள் காலுக்கு அடியில் எட்டாக மடிந்து கிடக்கிறது. இப்போது டேபிள் ஆடவில்லை, எடுக்க மனசில்லை.

பாட்டிலை வீணாக விடவில்லை. வாய்க்குப் பால் பாக்கெட்டை வெட்டி மூடி, ரப்பர் பேண்டு போட்டு, பாட்டி காலத்துப் பித்தளை ஆழாக்கில் தலைகீழாக இறக்கிவைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ராத்திரி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். காலையில் வாயில் இறங்கி நிற்பதை விரலால் தொட்டுக்கொள்கிறேன். மகள் நிறம் வேறு, என் நிறம் வேறு. முகம் ஒரு தாலுகா, கழுத்து ஒரு தாலுகாவாகத்தான் தெரிகிறது. பரவாயில்லை, கவுண்ட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் கழுத்தைப் பார்க்கிறார்கள்?

நேற்று அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, அந்த பாட்டில் இருக்கா? ஷேட் நம்பர் அடியில போட்டிருக்கும். படம் எடுத்து அனுப்பேன். புதுசு ஆர்டர் பண்ணணும்."

பீரோவைத் திறந்து பார்த்தேன். நம்பர் தெரிந்தது, எனக்கு நேராக, மேலே. பாதி எழுத்தை விலை ஸ்டிக்கர் மறைத்திருந்தது. அதைச் சுரண்டவேண்டுமானால் பாட்டிலை வெளியே எடுத்துப் படுக்கவைக்க வேண்டும்.

"இப்ப முடியாதுடி. இப்பத்தான் கழுத்துக்கு வந்திருக்கு. வியாழக்கிழமை அனுப்பறேன்."