பிராக் நகரில் தம்பதி சமேதராய்
பிராக் நகரத்துப் பழைய சதுக்கத்தில், 1410-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வானியல் கடிகாரத்தின் கீழே திரளும் தம்பதிகளைக் காண்பது தனியொரு விநோதம். எலும்புக்கூடு மணியடிக்க, அப்போஸ்தலர் பன்னிருவரும் மேலே ஜன்னல்களின் வழியே பவனி வர, முடிவில் பொற்சேவல் கூவ, அந்த அற்ப நேரம் முழுவதும் கணவர் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பதிலும், அவர் விரல் லென்ஸை மறைப்பதை மனைவியார் கண்டிப்பதிலும் கழிந்துவிடுவதால், அப்போஸ்தலர்களைக் கண்ணாரக் கண்டவர் இருவரில் ஒருவருமிலர். (காலன் மணியடிப்பதைக் கவனியாதது ஒருவகையில் க்ஷேமமே.)

பின்னர் சார்லஸ் பாலம். ராணியின் பாவசங்கீர்த்தன ரகசியத்தை ராஜாவிடம் சொல்ல மறுத்ததால் ஆற்றில் எறியப்பட்டார் என்று ஐதீகம் கூறும் நெபோமுக் அர்ச்சியசிஷ்டரின் சிலையடியில், பல்லாயிரம் கைகள் பட்டுப் பளபளக்கும் வெண்கலத் தகட்டைத் தொட்டவர் மீண்டும் இந்நகருக்கு வருவர் என்று கேள்வியுற்று, மனைவியார் பக்தி சிரத்தையோடு தொடுகிறார். ஹோட்டல் செலவை மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்த கணவரோ இரு கைகளையும் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொள்கிறார்.