கடைசிச் சீட்டுக்குப் பின் முன்னிருக்கையார் திருப்பி ஏற்றுதல்: ஒரு முன்னாய்வு

டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகை பிறந்த இடம் ராப்ஸ்டவுன் என்று டெக்சாஸ் சட்டமன்றம் 2007-இல் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது. ஆக, ஊர்ச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ரிவர் எனப்படும் ஐந்தாம் பொதுச்சீட்டு விழுந்தபின், முதலில் பேச வேண்டியவர் பணம் வைக்காமல் 'செக்' சொல்லி ஒதுங்கிவிட்டு, பின்னவர் பணம் வைத்ததும் பாய்ந்து ஏற்றுவது ஏன் என்பதை அந்த மன்றம் தொடவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வு.

டீலர் பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் பொதுச்சீட்டு விழும் ஃப்ளாப், டர்ன், ரிவர் ஆகிய மூன்று சுற்றிலும் முதலில் வாய் திறக்க வேண்டும். பந்தியில் முதல் இலைக்கு மரியாதை; இங்கே முதல் இருக்கைக்குத் தண்டனை. தன் சீட்டு இரண்டும் பொதுச்சீட்டு ஐந்தும் போக மீதி 45. அதில் எதிராளி கையில் இருக்கக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 990. பின்னவரான பட்டன்காரருக்கும் அதே 990தான். கூடுதலாக, முன்னவர் சொன்ன 'செக்' என்ற சாட்சியம் அவரிடம் இருக்கிறது. அந்தச் சாட்சியத்தைப் பொய்யாக்குவதே நம் ஆய்வுப்பொருள்.

இதன் ஒழுக்கவியல் விந்தையானது. செக் சொல்லிவிட்டுப் பின் ஏற்றும் இந்தச் செக்-ரெய்ஸுக்குச் சில வீட்டு ஆட்டங்களில் தடை உண்டு. வெறுங்கையோடு சிப்பைக் குவியலாகத் தள்ளி மேசையையே ஏய்க்கலாம். அது பிளஃப், கலை. நல்ல கையை வைத்துக்கொண்டு அப்பாவிபோல் இருந்தால் மட்டும் நண்பர்களுக்கு ஆகாது. உரக்கப் பொய் சொன்னவரை மெச்சி, பணிவாகப் பொய் சொன்னவரைக் கடிந்துகொள்ளும் இந்த நீதிக்குத் தனி நூலே எழுதலாம்.

இனிக் கணக்கு. நடுவில் குவிந்த பந்தயப் பணமான 'பாட்' 100 டாலர். முன்னவர் செக், பட்டன்காரர் 50 வைக்கிறார், முன்னவர் 200 ஆக ஏற்றுகிறார். பட்டன்காரர் அதற்கு ஈடுகட்ட, அதாவது கால் செய்ய, இன்னும் 150 வேண்டும். அப்போது பாட் 500. பத்துக்கு மூன்று முறை ஜெயித்தாலே கால் நட்டமில்லை. ஏற்றியவர் வெறுங்கையர் என்றாலோ, 150-ஐப் பறிக்க 200-ஐப் பணயம் வைக்கிறார். எதிராளி 57 விழுக்காட்டுக்கு மேல் சீட்டைப் போட்டு விலகியாக, அதாவது ஃபோல்டு செய்தாக வேண்டும். ஏடு இப்படிச் சொல்ல, மேசை வேறு சொல்கிறது. சாதாரண ஆட்டக்காரர் இந்த இடத்தில் பிளஃப் செய்யத் துணிவது அபூர்வம். பெரும்பாலும் ஃப்ளஷ்ஷோ ஃபுல் ஹவுஸோதான் வெளியே வரும். ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு 'முப்பது விழுக்காடு' என்று முணுமுணுத்தபடி பணத்தைத் தள்ளுபவர் கணிதத்துக்கு நன்கொடை அளிக்கிறார்.

தானே பணம் வைத்து, எதிராளி ஏற்றியபின் மறுபடியும் ஏற்றுவது இதன் மூத்த பங்காளி. அங்கே பிளஃப் இன்னும் அரிது. ஆகவே ஆய்வும் சுருக்கம்: ஃபோல்டு.

பிற்கால மரபினர் பிளாக்கர் என்றொரு நுட்பம் சேர்த்தனர். பொதுவில் மூன்று ஸ்பேடு கிடக்க, ஸ்பேடு ஆஸ் மட்டும் துணையின்றித் தன் கையில் இருந்தால், ஆஸ் தலைமையிலான ஃப்ளஷ் எதிராளியிடம் இருக்க வழியில்லை. வெறுங்கையோடு ஏற்ற இதைவிட நல்ல சாக்குக் கிடையாது. தோற்றபின் விளக்கம் சொல்லவும் உதவும்.

தடை: பட்டன்காரரும் செக் சொல்லிவிட்டால்? விடை: பதுக்கிய ஃபுல் ஹவுஸைத் திருப்பிக் காட்டி, கிடந்த 100-ஐ மட்டும் அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். அப்போது அவர், "முதலிலேயே 50 வெச்சிருந்தீங்கன்னா கால் பண்ணியிருப்பேனே" என்பார். இக்கூற்றின் மெய்ம்மை இரண்டாம் பாகத்தில் ஆராயப்படும்.