அடுப்பைப் போட்டால் வைஃபை அணைகிறதே!

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டதும் வைஃபை படுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ரவுட்டரும் இடிக்கிறது. யாரிடம் புகார் செய்வது?
– ஒரு வாசகர், வெண்ணந்தூர்

பதில்: புகாருக்கு வழியில்லை, தீர்வுக்கு உண்டு! அடுப்பு, ரவுட்டர், புளூடூத் எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் புழங்குகின்றன. அது ஊர்ப் பொதுக்கிணறு. ரவுட்டர் போன்ற குறைந்த சக்திக் கருவிகளுக்கு அங்கே உரிமம் வேண்டாம் என்று 2005-ல் மத்திய அரசு விதி செய்தது. கூடவே நிபந்தனை: பிறருக்கு இடைஞ்சல் தரக்கூடாது, நமக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது.

ரவுட்டரில் '5ஜி' என்று இன்னொரு பெயர் தெரிகிறதா? அது செல்போன் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். அதற்கு மாறுங்கள், அடுப்பின் தொல்லை அங்கே எட்டாது. சுவரைத் தாண்டினால் அந்த அலை சோர்ந்துவிடும் என்பதால் ரவுட்டரைக் கூடத்தில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அனுமதியில்லாத செல்போன் சிக்னல் பூஸ்டரை வாங்கி மொட்டைமாடியில் மாட்டுவது சட்டப்படி குற்றம். உங்கள் போனில் கோடு நிறையும்; ஆனால் பூஸ்டர் கிளப்பும் இரைச்சலில் டவருக்குக் காது அடைத்து, அடுத்த தெருக்காரர் 108-ஐ அழைத்தால் போகாமல் போகலாம்.