மூணுக்கா, மூணு முடிஞ்சா?

பிலிப்பைன்ஸின் பொராக்காய் தீவுக்குக் கிளம்புகிற எந்தச் சுற்றுலாக் கூட்டத்திலும் இவர் ஒருவர் இருப்பார். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாகவும் இருக்கலாம். வயது முப்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். வெள்ளை மணலில் கால் நீட்டிக் கிடக்கலாம் என்று வந்தவர்களை, “நாளைக்கு ஏரியல்ஸ் பாயின்ட் போறோம். பாறையிலேர்ந்து கடல்ல குதிக்கிறோம்” என்று கிளப்பிவிடுகிறவர் இவர்தான். இதற்கு முன் எங்கேயாவது குதித்திருக்கிறாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்கவே தோன்றாதபடி பேசுவார்.

பக்கவாட்டில் இரண்டு புறமும் மூங்கில் கட்டிய ‘பங்கா’ படகு, பனாய் தீவை நோக்கி அரை மணி நேரம் போகும். நம்மவருடைய வகுப்பு அதில்தான். அங்கே மேடைகள் ஐந்து: 3, 5, 8, 10, 15 மீட்டர். பத்து மீட்டரிலிருந்து விழ ஒன்றரை வினாடிகூட ஆகாது. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர். கால்தான் முதலில் இறங்க வேண்டும், கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். 27 மீட்டரிலிருந்து பாய்கிற போட்டி வீரர்களே, அந்தரத்தில் எத்தனை கரணம் போட்டாலும், கடைசியில் காலைத்தான் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் எரிச்சல். 18-ஆம் நூற்றாண்டில் ஹவாய்த் தீவுகளில் மாவியை ஆண்ட கஹெகிலி என்ற மன்னர், தன் வீரர்களைப் பாறை உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லி விசுவாசத்தைச் சோதித்தாராம் என்று ஒரு கதையையும் அவிழ்த்துவிடுவார். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்று மீட்டர் மேடையை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, அது குழந்தைகளுக்காம். நேராகப் பத்து. அங்கே போனதும் திடீரென்று பெருந்தன்மை வந்துவிடும். “நீங்க போங்க. நான் எல்லாரையும் அனுப்பிட்டு வர்றேன்.” ஒவ்வொருவராகப் போவார்கள். பேச்சே இல்லாமல், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தொப்பென்று. அனுப்புவதற்கு ஆள் தீர்ந்துபோன பிறகு பலகை நுனியில் நம்மவர் தனியாக நிற்பார்.

அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. கீழே படகிலிருந்து பார்க்கிறபோது பத்து மீட்டர் பத்து மீட்டர்தான். மேலே ஏறி நின்றால் நம்முடைய சொந்த உயரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். தண்ணீர் வேறு தெளிவாக இருந்து தொலைக்கும். பார்வை மேற்பரப்பில் நிற்காமல் அடிமணல் வரை போய்விட்டு வரும். படகு வகுப்பில் இந்தக் கணக்கு வரவில்லை.

பாதத்தைப் பாருங்கள். பத்து விரலும் மடங்கிப் பலகை ஓரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். கை, அரைக்கால் சட்டையின் நாடாவை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போடும். வழிகாட்டிப் பையன் எத்தனையோ பேரைப் பார்த்தவன். சிரித்தபடி தன் மொழியில் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பான். “இசா, தலாவா...”

“ஒரு நிமிஷம். மூணுன்னு சொல்லும்போது குதிக்கணுமா, சொல்லி முடிச்ச பிறகா?”

“உங்க இஷ்டம் சார்.”

இஷ்டத்துக்கு விட்டால் அவர் இறங்கிப் போய்விடலாம்தான். ஆனால் பின்னால் வேறு கூட்டத்தாரின் வரிசை நிற்கிறது, அதில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எனவே பேச்சுக் கொடுப்பார். “2018-ல சுத்தம் பண்றதுக்காகப் பொராக்காயை ஆறு மாசம் மூடிட்டாங்களாமே? அப்ப உங்க பிழைப்புக்கு என்ன பண்ணீங்க?” நல்ல கேள்வி. சாப்பாட்டு மேஜையில் கேட்டிருந்தால் அந்தப் பையன் ஒரு மணி நேரம் பேசியிருப்பான். கீழே தண்ணீரில் மிதக்கிற நண்பர்களோ கை தட்டி, “கஹெகிலி மகாராஜா கூப்பிடுறார்!” என்று கத்துகிறார்கள்.

எப்போது குதித்தார் என்பது அவருக்கே தெரியாது. மறுபடி தொடங்கிய எண்ணிக்கை ‘இசா’வில் இருந்தபோதே ஆள் இல்லை. படித்த படிப்பில் எதுவும் அந்த ஒன்றரை வினாடிக்குக் கூட வரவில்லை: கை இரண்டும் விரிந்திருந்தன, கால்கள் காற்றில் மாடிப்படி ஏறின, வாய் திறந்திருந்தது. விழுந்த சத்தத்தில், மேலே பொரித்த மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

மூக்கு வழியாக உப்புத் தண்ணீரைக் கொட்டியபடி மேலே வந்ததும், “எடுத்தியா?” என்பார். நண்பர் எடுத்திருக்கிறார். அவர் நின்றது முழுவதும் பதிவாகியிருக்கிறது: நாடா கட்டியது, பேட்டி கண்டது, வானத்தைப் பார்த்தது எல்லாம். பொறுத்துப் பொறுத்துக் கை வலித்து நண்பர் போனைத் தாழ்த்திய நொடியில்தான் ஆள் விழுந்திருக்கிறார். சத்தம் மட்டும் இருக்கிறது. படத்தில் நண்பருடைய முழங்கால்.

ஆதாரம் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது. ஏணியைப் பிடித்து மறுபடி ஏறுகிறார். வரிசையில் அவருக்கு முன்னால் வெளிறிப்போன ஒரு புது ஆள், “ரொம்பப் பயமா இருக்குமா சார்?” என்று கேட்டுவிடுகிறார். நம்மவர் முகம் மலர்கிறது. அக்குள் முதல் முழங்கை வரை சிவந்திருப்பது தெரிந்துவிடாதபடி கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொள்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாக நிற்கிற தோரணை மிகச் சரி.

“பயமா? அதெல்லாம் ஒண்ணுமில்லை தம்பி. கையை இப்படி வச்சுக்கிட்டா போதும். ஹவாயில ஒரு ராஜா இருந்தார், தெரியுமா?”